டைரக்டர் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கிளினிக்

அவரை நான் முதன்முதலில் கண்டது என் கமராவுக்குள்தான். குரோய்டனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டியாகிவிட்டது. சனம் வரிசையாக வந்து மணமக்களுக்கு அறுகரிசி போட்டுக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்களை மெதுவாக ஒரு சுற்று எடுத்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, பெண்ணின் மாமி, ஒரு டொக்டர், இன்னொரு டொக்டர், அவருக்குப் பக்கத்தில் நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. எங்கள் ஆளும் இல்லை, வெள்ளைக்காரியும் இல்லை. மடியில் ஒரு தட்டு, தட்டில் நாலு வடை.

பெண்ணின் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தம்பி, உது ஆர்?”

“ரெஜிஸ்ட்ரார், அண்ணை. கலியாணம் பதிய வந்தவ. நல்லாக் கவனிக்கச் சொல்லி அப்பா சொன்னவர்.”

நன்றாகத்தான் கவனித்தார்கள். மாலை ஒன்று தவிர மற்ற மரியாதையெல்லாம் நடந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்து உண்மையான ரெஜிஸ்ட்ரார் கோப்போடு வாசலில் வந்து நின்றபோது, முன்வரிசைக் கதிரை காலியாக இருந்தது. அம்மா சாப்பாட்டு மேசையில் இரண்டாம் முறை பாயாசம் வாங்கிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா போய்க் கேட்டதற்கு, கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் வந்தது.

“நான் எப்ப ரெஜிஸ்ட்ரார் எண்டு சொன்னனான்? நீங்கள் கேட்டனீங்கள், நான் தலையாட்டினனான். உங்கட சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை.”

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். சிரித்துவிட்டு, போகும்போது ஒரு சாப்பாட்டுப் பார்சலும் கட்டிக் கொடுத்தார். அந்தப் பார்சலோடு அம்மா நேரே என்னிடம் வந்தார்.

“அழுகிற ஆக்களிட்டைப் போனவுடனை நீங்கள் கமராவைத் திருப்பிப்போடுறியள். ஏன்?”

“அழுகிற மூஞ்சையை வச்சால் வீடியோ வேண்டாம் எண்டு திருப்பித் தருவினம்.”

“அதைத்தான் பாக்க வந்தனான். நீங்கள் குறுக்காலை நிண்டுட்டியள்.”

அன்று வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினேன். அந்த மண்டபத்தில் நாலு வடை சாப்பிட்டது, அரபு நாடு ஒன்றிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஒரு திரைப்பட இயக்குநர். மூன்று படங்கள், ஒரு சுமை பரிசுகள். கடற்கரை நகரமொன்றில் பெரிய விழா மேடையில், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விருது வாங்கும் படம் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “உதென்ன கோலம், விழாவுக்குப் போற உடுப்பே?” என்று கேட்டாள். பிறகு அவளே அவருக்கு “டைரக்டர் அக்கா” என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் இப்போது லண்டனில் இல்லை, எங்கே என்று கேட்ட மூன்று பேரிடம் மூன்று ஊர் சொல்லியிருக்கிறார். அவர் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். நான் அவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழை வைக்கிறேன். அவர் சொன்ன பொய்களுக்கு முன்னால் இது ஒரு பொய்யே இல்லை.

பொய் என்றால் சின்னப் பொய், பெரிய பொய் என்ற பாகுபாடு அக்காவிடம் கிடையாது. மூச்சு விடுவதுபோலச் சொல்வார். ஸ்ட்ரெதத்தில் என் ஸ்டூடியோவுக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் தனக்குப் பிறந்தநாள் என்று சொல்லி மாதம் ஒரு முறை கேக் வாங்கிச் சாப்பிட்டார். கடைக்காரப் பெட்டை அவரை மிகவும் விரும்பினாள், கணக்கே பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர் வந்தால் இன்னும் மோசம். ஒருவருக்குத் தான் கப்பலில் பிறந்ததாகச் சொன்னார். இன்னொருவருக்குப் படம் ஓட்டுகிறவரின் மகள் என்றார். மூன்றாவது ஆளுக்கு, மாமன் தன் முதல் கமராவைக் கிணற்றில் எறிந்ததையும், தான் கயிற்றில் இறங்கி எடுத்ததையும் கண்கலங்கச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டு நானும் கண்கலங்கினேன்.

“அக்கா, இதிலை எது உண்மை?”

“எது உங்களுக்குப் பிடிச்சுதோ அதை வச்சிருங்கோ. கிணறு நல்லாயிருக்கு, என்ன?”

நாலாவது படத்துக்கு என்னை இரண்டாவது கமராக்காரனாகச் சேர்த்துக்கொண்டார். என் திறமைக்காக என்று நான் கொஞ்சக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு இதய வடிவத்துக்குள் மணமக்களை வைக்கத் தெரியும், மாப்பிள்ளையை முகிலிலிருந்து இறக்கத் தெரியும். இவற்றைப் போட்டுக் காட்டியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். உண்மைக் காரணம் குரோய்டன் ட்ராமில்தான் விளங்கியது.

பதிவுத் திருமணம் செய்துவிட்டு, ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இருவர் ட்ராமில் பேசாமல் போகிறார்கள். இதுதான் காட்சி. அனுமதி எடுக்கவில்லை. அக்கா அனுமதிக் கடிதம் எழுதியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. மூன்றாவது தரிப்பில் டிக்கெட் பார்க்கிறவர் ஏறி, என்ன படப்பிடிப்பு என்று கேட்டார். அக்கா என் முதுகைக் காட்டினார். என் பெனியனில் ஸ்டூடியோவின் பெயரும் இரண்டு புறாவும் அச்சடித்திருக்கும்.

“கலியாண வீடியோ. இவர் வீடியோக்காரர். நான் பெண்ணின்ர மாமி.”

அவர் மணமக்களுக்குக் கைகொடுத்தார். ட்ராம் முழுக்கக் கைதட்டியது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி கைப்பையைத் திறந்து ஒரு சொக்கிளேட்டை எடுத்துப் பெண்ணின் கையில் வைத்தாள். பெண்ணாக நடித்த பிள்ளை நிஜமாகவே அழுதுவிட்டாள். கைதட்டலை அக்கா படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டார், சொக்கிளேட்டை வைத்துக்கொண்டார். பிறகு பெரிய பெரிய விமர்சகர்கள் எல்லாம் அந்தச் சொக்கிளேட் எதைக் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது ஒரு கோதாரியையும் குறிக்கவில்லை, கிழவி கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு பொய் சொல்லுகிற மனுசி, கமரா ஓடத் தொடங்கிவிட்டால் வேறு ஆள். கமராவுக்குள் ஒரு சின்னப் பொய்யும் இருக்கக்கூடாது. ஒருநாள் எட்மண்டனில் ஒரு வீட்டின் குசினியில் படம்பிடித்தோம். நடிகர் பேர்பெற்றவர். தேத்தண்ணி குடித்துக்கொண்டே நாலு வசனம் பேசவேண்டும். அழகாகப் பேசினார், எனக்கே மயிர் கூச்செறிந்தது. அக்கா நிறுத்தச் சொன்னார்.

“கோப்பைக்குள்ளை என்ன இருக்கு?”

ஒன்றும் இல்லை. வெறும் கோப்பை. எல்லாப் படங்களிலும் அப்படித்தான் என்று நடிகர் சொன்னார். அக்கா கேத்தலைத் தானே போட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்து, திரும்பவும் எடுத்தார். ஏழாவது கோப்பையில் நடிகருக்கு நாக்குச் சுட்டு வசனம் தடுமாறியது. அக்கா அதைத்தான் படத்தில் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்.

“வெறுங்கோப்பையை ஆர் அக்கா கவனிக்கப் போகினம்?”

“அவரின்ர கை கவனிக்கும். கையிலை பாரம் இல்லாட்டி அந்தப் பொய் முகத்துக்கு வந்திடும்.”

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு என்னால் கலியாண வீடுகளில் மணமக்களைப் பார்த்து, “தங்கச்சி, இன்னொருக்கால் மாப்பிள்ளையின்ர வாயிலை கேக்கைத் தீத்துங்கோ, சிரிச்சபடி” என்று சொல்லவே வாய் வரவில்லை. தொழில் கொஞ்சம் படுத்துத்தான் போனது.

இப்போது பெரிய பொய்க்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை பகல் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. பொய் சொல்லாத அக்காவை அன்றுதான் பார்த்தேன், பார்க்கப் பயமாக இருந்தது.

“அம்மா வாறா. ரெண்டு கிழமை நிக்கப்போறா.”

“நல்ல விசயம்தானே?”

“நான் பல் டொக்டர் எண்டு நினைச்சுக்கொண்டு வாறா.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா ஒரு சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர். மகள் பல் டொக்டராக வேண்டுமென்று லண்டனுக்குப் படிக்க அனுப்பினார். அக்கா இரண்டாம் வருடம் கல்லூரியை விட்டுவிட்டுப் படம் எடுக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டார். வீட்டுக்குச் சொல்லவில்லை. படங்களில் வேறு பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் படங்கள் அவருடைய நாட்டில் ஓடியதே இல்லை. இரண்டாவது படம் அங்குள்ள அரசாங்கத்துக்குப் பிடிக்காமல் போனதால் அவரும் ஊருக்குப் போக முடியவில்லை. லண்டனில் பல் டொக்டர்மாருக்கு லீவு கிடையாது என்று தாயை நம்பவைத்திருந்தார். விசயம் தெரிந்த ஒரே ஆள் ஊரிலிருந்த தம்பி. அவரும் வாய் திறக்கவில்லை.

“முப்பது வருசமா?”

“முதல் வருசம் பயம். ரெண்டாம் வருசம் வெக்கம். பேந்து ஊர்ச்சனம் அம்மாவிட்டைப் பல்லுக்கு மருந்து கேக்கத் தொடங்கிட்டுது. ஒவ்வொரு வெள்ளியும் அம்மா போன் எடுப்பா. இன்னாருக்குப் பல்முரசு வீக்கம், இன்னாரின்ர பிள்ளைக்குப் பல்லு ஆடுது. நான் புத்தகம் பாத்துச் சொல்லுவன். புத்தகம் கிட்ட இல்லாட்டி உப்புத் தண்ணி.”

பிறகு குரல் இறங்கியது.

“அப்பா செத்தபோதும் போக ஏலேல்லை. ஒரு அவசர ஒப்பரேசன் எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். என்ர பொய்யளுக்குள்ள அதுதான் ஊத்தைப் பொய்.”

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. எங்கள் சனத்தில் டொக்டருக்குப் படிக்கிறேன் என்று சொல்லி நாலு வருடம் வேறு எதையோ படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் அதிர்ச்சி மட்டும் வரவில்லை. தாயாருக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னொரு முறை வரப்போவதில்லை. முதல் கிழமையே மகளின் கிளினிக்கைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதே இரண்டு கிழமைக்குள் ஒரு திரையரங்கு அக்காவின் படங்களையெல்லாம் வரிசையாகப் போடுகிறது. பஸ் தரிப்புகளில் அவர் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது.

என் மனைவியின் தம்பி எட்மண்டனில் பல் டொக்டர். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் பூட்டு. அவன் முதலில் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அத்தான், என்ர லைசென்ஸ் போயிடும்.”

“ஒரு மணித்தியாலம்தானடா. ஒரு தாய்க்காக.”

“அப்ப ஒண்டு. என்ர கிளினிக்கிலை ஒரு வாய்க்குள்ளையும் அந்த அக்காவின்ர விரல் போகக்கூடாது. சொல்லிப்போட்டன்.”

சனிக்கிழமை அக்கா கிளினிக்குக்கு வந்து ஒரு படப்பிடிப்புக்குச் செய்வதையெல்லாம் செய்தார். வாசலில் தன் உண்மைப் பெயரில் பலகை மாட்டினார். பழைய கோப்புகளைக் கொஞ்சம் கசக்கி அடுக்கினார். வெள்ளை அங்கியைத் தோய்த்துத் தோய்த்துப் பழசாக்கியிருந்தார். வலது மணிக்கட்டில் ஒரு கட்டு, கை சுளுக்கிவிட்டதால் வேலையை உதவியாளர் செய்கிறாராம். உதவியாளர் என் மச்சான். நோயாளிகளாக நடிக்க ஆட்களைக் கொண்டுவருவது என் பொறுப்பு. தாயார் மகளின் கிளினிக்கை வீடியோ எடுத்து ஊரில் காட்டவேண்டுமென்று ஆசைப்பட்டதால், கமராவும் என் பொறுப்பு.

நான் செய்த பிழை ஒன்றே ஒன்று. சொந்தக்காரருக்குப் போன் எடுத்து, “ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வாங்கோ, வீடியோ எடுக்கிறம்” என்று சொன்னேன். வீடியோ என்ற சொல்லை எங்கள் சனத்திடம் சும்மா சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தாயாரைக் காரில் ஏற்றிக்கொண்டு, அக்காவின் முகம் ஒட்டிய பஸ் தரிப்புகள் ஒன்றும் கண்ணில் படாமல் சுற்றிச் சுற்றிப் போனேன். ஒரே தேவாலயத்தை மூன்றாவது முறை கண்டபோது, லண்டனில் எல்லாத் தேவாலயமும் ஒரே மாதிரியா என்று தாயார் கேட்டதாக அக்கா சொன்னார். கிளினிக்கின் கதவைத் திறந்தோம். பல்வலிக்கு மருந்தெடுக்கக் காத்திருந்த பதினொரு பேரும் பட்டுச்சேலையிலும் வேட்டியிலும் இருந்தார்கள். என் பெரிய மாமி அட்டியல், பதக்கம், ஒட்டியாணம் எல்லாம் போட்டு, தலையில் பூவும் வைத்திருந்தா. இரண்டு பேர் பொரித்த றோல்ஸ் தட்டோடு வந்திருந்தார்கள். நான் கமராவைத் தூக்கியவுடன் பதினொரு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“மாமி, பல்லு நோகிற ஆள் சிரிக்கிறேல்லை” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மாமி உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, உயிர் போகுதே” என்று சாவீட்டில் அழுகிறமாதிரிக் குழறினா. அக்கா என் காதுக்குள், “அவவுக்கு ஒரு பல்லுத்தான் நோகுது எண்டு சொல்லுங்கோ” என்றார்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். தாயார் வாசலில் நின்று பட்டையும் பவுணையும் பூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கிவிட்டார். அக்கா மொழிபெயர்த்தார். ஊரில் பல் டொக்டரிடம் வீட்டுச் செருப்போடு போவார்கள், என் பிள்ளையிடம் வருகிறவர்கள் பெருநாளுக்குப் போவதுபோல் வருகிறார்கள் என்றாராம். மாமிக்கு அது விளங்கியபோது, ஒட்டியாணத்தைத் தடவிக்கொண்டு எனக்கு ஒரு பார்வை விட்டா.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அக்காவின் வாழ்க்கையில் மிகச் சிறந்த தயாரிப்பு அதுவாக இருந்திருக்கும். ஆனால் தாயார் அறைக்குள் போய், யாரும் சொல்லாமலே அந்தச் சாய்கதிரையில் ஏறிப் படுத்து, வாயைத் திறந்து, இடப்பக்கத்து மேல்பல்லைத் தொட்டுக் காட்டினார். எட்டு மாதமாக வலியாம். ஊரில் யாரையும் தொட விடவில்லையாம். மகள்தான் பார்க்கவேண்டும் என்று வலியைத் தாங்கிக்கொண்டு விமானம் ஏறி வந்திருக்கிறார்.

அக்கா மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் முறைப்படி எல்லாம் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, இந்தப் பல்லைக் கழற்றத்தான் வேண்டும் என்றான். கட்டுப்போட்ட கையை அக்கா தூக்கிக் காட்டினார். தாயார் அந்தக் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, நீ பக்கத்தில் நின்றால் போதும் என்றார். பொய் பலித்துவிட்டது. மச்சான் விறைப்பு ஊசி போட்டு, வாய்க்குள் பஞ்சு வைத்து, பத்து நிமிடம் பேசவேண்டாம் என்று சொன்னான்.

அக்கா என்னிடம் வந்தார். படப்பிடிப்பில் செய்வதுபோலவே என் கமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அதில் தாயார் கண்ணை மூடிப் படுத்திருந்தார், அறை அழகாக இருந்தது. அக்கா நெடுநேரம் பார்த்தார்.

“இதுக்குள்ளை ஒரு ஆள் பொய்யா நிண்டது.”

“மாமியோ? அவ வெளியிலை அக்கா.”

“நான்.”

போய் வெள்ளை அங்கியைக் கழற்றினார். கையிலிருந்த கட்டை அவிழ்த்தார். தாயின் பக்கத்தில் நின்று அரபு மொழியில் பேசத் தொடங்கினார். அதில் எனக்கு விளங்கியது சினிமா என்ற ஒரு சொல்தான். அது பல தடவை வந்தது. எதிரே இருப்பவர் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து உண்மையைச் சொல்லுகிறாரே, இந்த மனுசி இதிலும் டைரக்டர்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தாயாரின் கண்கள் திறந்ததைப் பார்த்தவுடன் சிரிப்பு போய்விட்டது. மச்சான் மூலையில் வியர்த்துக்கொண்டு நின்றான். அக்கா பேசி முடித்தார். தாயார் அவரைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்து, விரலால் தன் வாயைக் காட்டினார். முதலில் பல்லைக் கழற்று என்பதுதான் அதற்குப் பொருள்.

பல்லைக் கழற்றியபின் அரை மணித்தியாலம் பஞ்சைக் கடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருக்கச் சொன்னான். அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். தாயும் மகளும் வெளியில் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வந்து இருந்தார்கள். என்ன நடந்ததென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் ஏதோ விளங்கிவிட்டது. மாமி குழறவில்லை. றோல்ஸ் தட்டு ஒரு சுற்று வந்து, யாரும் எடுக்காமல் திரும்பிப் போனது. நேரம் முடிந்ததும் தாயார் பஞ்சைக் கைக்குட்டையில் எடுத்து மடித்து வைத்துவிட்டு, கோணிய வாயோடு ஒரு வசனம் சொன்னார். அக்கா எங்களுக்குச் சொன்னார்.

“அப்ப முப்பது வருசமா ஊர்முழுக்க உப்புத் தண்ணி கொப்புளிச்சது ஆரின்ர சொல்லுக்கு?”

யாரும் சிரிக்கத் துணியவில்லை. தாயார் இன்னொன்றும் கேட்டார். எந்தச் சினிமாவுக்காக இதை விட்டாயோ, அதைக் காட்டு என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரக் காட்சிக்குத் தாயாரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நேர்வழி. பஸ் தரிப்பில் மகளின் முகத்தைக் கண்ட இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஞாயிறிலிருந்து அவர் மகளோடு ஒரு சொல்லும் பேசவில்லை என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். “அம்மா இப்பிடியே விமானம் ஏறினா நான் இனி ஒரு படமும் எடுக்கமாட்டன்” என்றும் சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அக்கா அரங்குக்குள் வந்து பார்க்கவில்லை, வெளியில் நின்றுகொண்டார்.

அரங்கு நிறைந்திருந்தது. தாயாரின் ஒரு பக்கம் நான். என் மறுபக்கத்தில் கைத்தடியோடு ஓர் அரபுப் பெரியவர், முன்பின் அறியாதவர். ஓடியது அக்காவின் மூன்றாவது படம். ஊருக்குப் போக முடியாததால், தன் ஊர்த் தெருவை லண்டனில் ஒரு பழைய கொட்டகைக்குள் கட்டி எடுத்தது. தெருமுனையில் ஒரு துணிக்கடை. கடைக்காரர் துணியை அளந்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் ஒரே இழுப்பில் கிழித்தார். என் கை சட்டென்று நொந்தது. தாயார் அதைப் பிடித்திருந்தார். படம் முடியும்வரை விடவில்லை. துணி கடித்துக் கடித்து அவருடைய கணவரின் முன்பற்கள் பாழாய்ப் போயினவாம். அதனால்தான் மகளைப் பல்லுக்குப் படிக்க அனுப்பினாராம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

படம் முடிந்து அக்கா மேடையில் ஏறினார். சனம் கேள்வி கேட்டது, அக்கா வழக்கம்போல அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தாயார் கையைத் தூக்கினார். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீங்கிய கன்னத்தோடு, எழும்பி நின்று, தன் மொழியில் கேட்டார். மண்டபத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அக்காவால் மாற்றிச் சொல்ல முடியாது. தாயாரின் கேள்வியைத் தானே ஆங்கிலத்தில் சொன்னார்.

“இவ என்ர அம்மா. நான் ஏன் பல் டொக்டராகேல்லை எண்டு கேக்கிறா.”

சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. முதலில் தாய்க்குச் சொல்லி, பிறகு எங்களுக்குச் சொன்னார்.

“ரெண்டாம் வருசம் ஒரு வயதுபோன மனுசியை எனக்கு முன்னாலை இருத்தி, பல்லைப் பாக்கச் சொன்னவை. அவ வாயைத் திறந்தா. நான் பல்லைப் பாக்கேல்லை. அவவின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. வாத்தியார் வந்து என்ன கண்டனீர் எண்டு கேட்டார். எனக்குப் பல்லைப் பற்றிச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை.”

தாயார் தலையை ஆட்டினார். திரும்பக் கதிரையில் இருக்கப்போகிறார் என்று நினைத்தேன். இருக்கவில்லை. ஒலிவாங்கியை மறுபடி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மெதுவாக ஏதோ சொன்னார், இரண்டே வசனம். மண்டபத்தில் அங்கங்கே சிலர் குனிந்துகொண்டார்கள். நாங்கள் அக்காவைப் பார்த்தோம். பொய்க்கு ஒருநாளும் சொற்பஞ்சம் வராத அக்கா வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.  கடைசியில் என் பக்கத்திலிருந்த பெரியவர் கைத்தடியை ஊன்றி எழும்பி, எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னார்.

“இதை அப்பவே சொல்லியிருந்தால், உன்ர அப்பா ஒரு கிழமை கோவிச்சுக்கொண்டு இருந்திருப்பார். எட்டாம் நாள் உன்ர படத்துக்கு டிக்கெட் எடுக்க வரிசையிலை போய் நிண்டிருப்பார்.”

யாரும் கைதட்டவில்லை. அக்கா மேடையிலிருந்து இறங்கினார். எங்கள் வரிசைக்கு வந்து, தாயாரின் காலடியில் நிலத்தில் குந்தி, அவருடைய மடியில் முகத்தை வைத்துச் சின்னப்பிள்ளைபோல் சத்தம் போட்டு அழுதார். கையில் கமரா இல்லை, அதனால் நான் எங்கும் திருப்பவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.  தாயார் மகளின் குட்டைத் தலைமயிருக்குள் கையை விட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். பெரியவர் அதையும் எனக்குச் சொன்னார். ஞாயிறுக்குப் பிறகு, ஒலிவாங்கி இல்லாமல் அவர் மகளிடம் பேசிய முதல் சொற்கள் அவைதான்.

“எழும்பு பிள்ளை, சனம் பாக்குது.”